புளூ ஸ்ப்ரூஸ் கீழ இருந்து காயுது, நீலமும் மங்குது. மரத்தை வச்சிருக்கலாமோ?

ஸ்காபரோ_வளவு · ஏப்ரல் 28

எல்லாருக்கும் வணக்கம். எங்கட முன்வளவில ஒரு புளூ ஸ்ப்ரூஸ், நீலமாத் தெரியிற ஊசியிலை மரம், நிக்குது, வீடு வாங்கேக்கயே நிண்ட மரம், இப்ப மேல்மாடி யன்னலையும் தாண்டிப் போட்டுது. இந்த வீட்டை எடுத்ததுக்கே அந்த மரமும் ஒரு காரணம், சினோ (பனி) கொட்டின விடியக்காலையில அது நிக்கிற வடிவு சொல்லி ஏலாது. பிரச்சினை என்னெண்டா போன வருசத்தில இருந்து கீழ்க்கொப்புகள் உள்பக்கமா வெறுமையாகிக் கொண்டு வருகுது, நுனியில மட்டும் கொஞ்ச ஊசி இலை நிக்குது, உள்ளுக்க கையை விட்டுப் பாத்தா வெறும் குச்சி. இந்த முறை சினோ கரைஞ்ச பிறகு பாத்தா ஒரு பக்கத்தில இலையெல்லாம் ஊதாவும் மண்ணிறமும் கலந்த நிறமாக் கிடக்கு. மேல்பாதி நல்லாத்தான் இருக்கு, ஆனா முந்தி இருந்த அந்த வெள்ளி நீலம் இல்லை.

மரம் வெட்டுற ஆள் ஒராள் வந்து சுத்திப் பாத்திட்டு, இது முடிஞ்சுது, வெட்டுறது தான் நல்லம் எண்டு விலையும் சொல்லிப்போட்டுப் போனவர். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுறார் கடையில பூச்சிக்கு அடிக்கிற ஓயில் ஸ்ப்ரே வாங்கி அடிச்சா எல்லாம் சரிவரும் எண்டு. எனக்கு வெட்ட மனமில்லை. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கொப்பும்_குருத்தும் · ஏப்ரல் 28

தங்கச்சி, முதல் வேலையா அந்த ஓயிலை வாங்காம இருங்கோ. நான் இஞ்ச நேர்சரி வேலையில கனகாலம் நிண்டவன், புளூ ஸ்ப்ரூஸுக்கு ஓயில் அடிக்கிறதைப் பாத்தா எனக்கு நெஞ்சு பதறும். அந்த நீலம் இலைக்குள்ள இருக்கிற நிறம் இல்லை. ஊசி இலைக்கு மேல மெல்லிசா ஒரு மெழுகு படிஞ்சிருக்கு, திராட்சைப் பழத்தில விரலால துடைச்சாப் போற வெள்ளைப் பூச்சு மாதிரி. அந்த மெழுகில வெளிச்சம் பட்டுச் சிதறுறதால தான் எங்கட கண்ணுக்கு நீலமாத் தெரியுது. நம்பாட்டி ஒரு ஊசியைப் பிடுங்கி ரெண்டு விரலுக்கும் நடுவில வச்சு நல்லா உரசிப் பாருங்கோ, கீழ இருக்கிறது தனிப் பச்சை. ஓயில் அந்த மெழுகைக் கரைச்சுப்போடும், சோப்புத் தண்ணியும் அப்பிடித்தான். போனது அதே இலையில பழையபடி வராது, அடுத்த வசந்தத்தில வாற புதுக்குருத்தில தான் திரும்ப நீலம். கனக்க ஓயில் போத்தலில புளூ ஸ்ப்ரூஸுக்கு அடிக்க வேண்டாம் எண்டு லேபலிலயே போட்டிருக்கும், ஆரும் வாசிக்கிறதில்லை.

மேல்பாதி மங்கினதுக்கு இப்ப பயப்படாதேங்கோ. ஏப்ரலில எந்தப் புளூ ஸ்ப்ரூஸும் மங்கலாத்தான் நிக்கும். குளிர் காத்து, ஐஸ், ரோட்டுப் புழுதி எல்லாம் சேந்து வருசம் முழுக்க மெழுகைத் தேய்ச்சு விடும். மே கடைசியில புதுக்குருத்து விரியேக்க பாருங்கோ, நீலம் அதில தான் இருக்கு.

கீழ்க்கொப்பு தான் எனக்கு யோசனை. வெட்டுறதோ வைக்கிறதோ எண்டு முடிவெடுக்க முதல் கொஞ்ச விசயம் பாத்துச் சொல்லுங்கோ. ஒரு கைலென்ஸ் எடுத்து, போன வருசத்து இலையில, ஊதாவாப் போனதில, நீட்டுக்கு ஓடுற புள்ளி வரிசையைப் பாருங்கோ. நல்ல இலையில அந்தப் புள்ளி வெள்ளையா இருக்கும், அது இலை மூச்சு விடுற துவாரம். அந்த இடத்தில கறுப்பா, சின்னனாப் பொம்மினபடி இருந்தா அது பங்கஸ் (பூஞ்சணம்). அடுத்தது, ஒரு வெள்ளைக் கடதாசியைக் கொப்புக்குக் கீழ பிடிச்சுக் கொப்பைத் தட்டுங்கோ, விழுற தூசியில பூச்சி ஏதும் நகருதோ? மூண்டாவது, அடிக்கொப்பில, தண்டோட சேருற இடத்தில, வெள்ளையா பிசின் வடிஞ்சு காஞ்சு கிடக்கோ? கடைசியா, மரத்துக்குக் கிட்ட புல்லுக்கு ஸ்ப்ரிங்க்ளர் ஓடுதோ?

மிச்சிகன்_மண் · ஏப்ரல் 29

நான் டெட்ராய்ட்டுக்கு வெளிய இருக்கேன். அக்கா, மனசு கஷ்டப்படும், ஆனா உள்ளதைச் சொல்லிடுறேன். எங்க சப்டிவிஷன்ல வரிசையா புளூ ஸ்ப்ரூஸ் நின்னுச்சு, இப்ப எண்ணி எடுக்கிற அளவுக்குத்தான் இருக்கு. எல்லாமே நீங்க சொன்ன மாதிரிதான் ஆரம்பிச்சுது, கீழ இருந்து மேல. மிச்சிகன் ஸ்டேட் யூனிவர்சிட்டி ஆளுங்க இதைப் பத்தி வருஷக்கணக்கா எழுதுறாங்க, புளூ ஸ்ப்ரூஸ் டிக்ளைன்னே பேரு வச்சிருக்காங்க, ஒரே ஒரு நோய் கிடையாது, ரெண்டு மூணு பங்கஸ் சேர்ந்து அடிக்குது, கூடவே பூச்சியும்.

காரணம் ரொம்ப சிம்பிள். இந்த மரம் ராக்கி மலைல வளர்றது, அங்க காத்து காஞ்சு கிடக்கும். நாம கொண்டுவந்து கிரேட் லேக்ஸ் ஓரத்துல நட்டுட்டோம், இங்க ஜூன் மாசம் ராத்திரி முழுக்க இலை ஈரமாவே நிக்குது. பங்கஸுக்கு அதை விட என்ன வேணும்? இருக்கிற மரத்தைக் காப்பாத்துங்க, நான் வேணாம்னு சொல்லல. ஆனா புதுசா யாராவது நடப்போறேன்னு சொன்னா நான் தடுப்பேன். நீலம் வேணும்னா கன்கலர் ஃபர் நடுங்க, ஊசி நீளமா, தொட்டா குத்தாது, கசக்கினா எலுமிச்சை ஆரஞ்சு வாசனை வரும்.

டென்வர்_ஓடையோரம் · ஏப்ரல் 29

மிச்சிகன் ப்ரோ சொன்னதுல பாதிக்கு எனக்குச் சம்மதம், மீதிக்கு இல்ல. நான் இருக்கிறது இந்த மரத்தோட சொந்த ஊர்ல. 1862ல சார்ல்ஸ் பாரிங்கிற தாவரவியலாளர் பைக்ஸ் பீக் மலைல பாத்து வெளிய கொண்டுவந்த மரம் இது, 1939ல இருந்து கொலராடோவோட மாநில மரம். யூட்டாவுக்கும் இதுதான் மாநில மரமா இருந்துச்சு, 2014ல ஆஸ்பென்னுக்கு மாத்திட்டாங்க.

மலைல எங்க நிக்கும்னு பாத்தா, 6000 அடில இருந்து 10000 அடி வரைக்கும், பெரும்பாலும் ஓடைக் கரைல, பள்ளத்தாக்குக்கு அடில. வறண்ட பாறை மேல நிக்கிறது பைன், ஸ்ப்ரூஸ் தேடுறது ஈரமான மண்ணை. வேர் ஈரத்துல, தலை காஞ்ச காத்துல, அதுதான் இதோட வாழ்க்கை. நெறைய பேர் "மலை மரம், வறட்சி தாங்கும்"னு நினைச்சு நட்டுட்டு தண்ணியே ஊத்துறதில்ல, இன்னும் சிலர் இலை மேல ஸ்ப்ரிங்க்ளர் அடிக்கிறாங்க. ரெண்டுமே அதுக்கு ஆகாது.

இன்னொண்ணு, காட்டுல போய் பாத்தா எல்லாமே நீலமா இருக்காது. ஒரே ஓடைக்கரைல சுத்தப் பச்சை மரமும் வெள்ளி மரமும் பக்கம் பக்கமா நிக்கும். நீலமா இருக்கிறதைப் பொறுக்கி எடுத்து ஒட்டுக் கட்டி வித்தது நர்சரிக்காரங்க. அதனால விதைல வந்த மரம்னா என்ன கலர் வரும்னு யாராலயும் உறுதி சொல்ல முடியாது.

கிழக்குல நிக்கவே நிக்காதுன்னு சொல்றதையும் நான் ஒத்துக்க மாட்டேன். வாஷிங்டன்ல வெள்ளை மாளிகைக்கு முன்னாடி இருந்த நேஷனல் கிறிஸ்துமஸ் ட்ரீ ஒரு கொலராடோ புளூ ஸ்ப்ரூஸ். பென்சில்வேனியாவுல யார்க்குங்கிற ஊர்ல ஒரு வீட்டு முற்றத்துல வளர்ந்ததை 1978ல தோண்டி எடுத்து அங்க நட்டாங்க. அந்த வாஷிங்டன் புழுக்கத்துல முப்பது வருஷத்துக்கு மேல நின்னுச்சு, கடைசில 2011 பிப்ரவரில சூறைக்காத்துல தான் சாஞ்சுது. திறந்த வெளி, நாலு பக்கமும் காத்து, வெயில். வீட்டுச் சுவரோட ஒட்டி, வேலிக்கும் மத்த மரத்துக்கும் நடுவுல நெருக்கி நட்டா எப்படி நிக்கும்?

ஸ்காபரோ_வளவு · மே 3

எல்லாருக்கும் நன்றி. அண்ணை சொன்ன எல்லாத்தையும் பாத்தனான். மகளின்ர பள்ளிக்கூட லென்ஸை எடுத்துக்கொண்டு போய் யன்னல் வெளிச்சத்தில வச்சுப் பாத்தன். மேல்கொப்பு இலையில அந்த வரிசை வெள்ளையா, நூல் கோத்த மாதிரி நேரா ஓடுது. கீழ ஊதாவாக் கிடந்த இலையில அதே வரிசையில கறுப்புப் புள்ளி, ஒண்டு விட்டு ஒண்டு, சிலதின்ர தலையில வெள்ளைத் துணிக்கை ஒண்டு ஒட்டிக்கொண்டு நிக்குது. கண்ணால பாத்தாத் தெரியாது, லென்ஸில பாத்தாப் பிறகு வேற ஒண்டும் கண்ணில படுகுதில்லை.

கடதாசியில தூசி தான் விழுந்தது, ஒண்டு ரெண்டு மட்டும் மெல்ல நகர்ந்தது. பிசின் இல்லை, எல்லாக் கொப்பின்ர அடியும் பாத்தன்.

ஸ்ப்ரிங்க்ளர் இருக்கு, வீட்டோட வந்தது. ஒரு தலை மரத்துக்கு நேர எதிர நிண்டு, ஒவ்வொரு நாளும் விடியப்புறம் கீழ்க்கொப்பு முழுக்க நனைக்குது.

கொப்பும்_குருத்தும் · மே 3

ரைசோஸ்பீரா, ஊசி இலையைக் கொட்ட வைக்கிற பங்கஸ். சந்தேகமே இல்லை. அந்த வெள்ளைத் துணிக்கை எண்டது பங்கஸ் துவாரத்தைப் பிளந்து வெளியில வரேக்க தள்ளிக்கொண்டு வாற மெழுகு. நோய் எண்டு கேக்கத் துக்கமா இருக்கும், ஆனா வருத்தம் இதுதான் எண்டு தெரிஞ்சது பெரிய விசயம். பிசின் இல்லை எண்டது நல்ல செய்தி. பிசின் வடிஞ்சிருந்தா அது சைட்டோஸ்போரா, கொப்பையே கொல்லுற வேற பங்கஸ், அதுக்கு மருந்தே இல்லை, வெட்டி எடுக்கிறது ஒண்டு தான் வழி.

இந்த ரைசோஸ்பீரா எப்பிடி வேலை செய்யுது எண்டு விளங்கினா மிச்சம் எல்லாம் தானா விளங்கும். மே, ஜூன் மாசத்தில புதுக்குருத்து பிஞ்சா இருக்கேக்க, போன வருசத்து நோய் இலையில இருந்து பங்கஸின்ர வித்து மழைத்துளியில தெறிச்சு அதில தொத்தும். அப்ப ஒண்டும் தெரியாது. அந்த இலை குளிர் முடிஞ்சு அடுத்த வசந்தத்தில தான் ஊதா மண்ணிறமாகும், பிறகு கோடையில கொட்டும். தொத்தினதுக்கும் கொட்டுறதுக்கும் நடுவில ஒரு வருசத்துக்கு மேல போகுது, அதால தான் சனம் காரணத்தைத் தேடேக்க பிழையான பருவத்தில தேடுது. நல்ல ஸ்ப்ரூஸ் ஒண்டு அஞ்சாறு வருசத்து இலையை ஒரே கொப்பில வச்சிருக்கும், நோய் வந்ததில கடைசி வருசத்து இலை மட்டும் தான் மிஞ்சும். உங்கட நுனி இலைக் கதை அதுதான். இப்பிடி மூண்டு நாலு வருசம் தொடர்ந்து கொட்டினா கொப்பு செத்துப்போம். கீழ்க்கொப்பில துவங்குறது ஏன் எண்டா அங்க தான் ஈரம் காயப் பிந்தும், அதோட உங்கட ஸ்ப்ரிங்க்ளர் ஒவ்வொரு விடியப்புறமும் மழைக்காலத்தையே உண்டாக்கிக் குடுக்குது.

இண்டைக்கே அந்தத் தலையைத் திருப்புங்கோ, இல்லாட்டி அடைச்சு விடுங்கோ. நூறு டொலர் மருந்தை விட அது பெரிசு.

செத்த கொப்பை எடுக்கலாம், ஆனா காஞ்ச நாளில. இலை நனைஞ்சிருக்கேக்க வெட்டினா வித்தைக் கையாலயே மேல்கொப்புக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பியள். தண்டோட ஒட்டின வீக்கத்தை வெட்டாம அதுக்கு வெளியால வெட்டுங்கோ, கத்திரியை ஒவ்வொரு கொப்புக்கும் அல்கஹோலால துடையுங்கோ. ஒண்டை மனசில வச்சிருங்கோ: ஸ்ப்ரூஸ் காஞ்ச பழைய தடியில இருந்து திரும்பத் தளிர்க்காது. வெறுமையான இடம் வெறுமை தான். கீழ கொஞ்சம் போனாலும் மேல இருக்கிறதைக் காப்பாத்துறது தான் இனி எங்கட வேலை.

மருந்தைப் பற்றி. புதுக்குருத்து ஊசி பாதி நீளம் வந்த உடன ஒருக்கா, மூண்டு நாலு கிழமை விட்டு இன்னொருக்கா, ரெண்டு வருசம் தொடர்ந்து அடிச்சாத்தான் பிரயோசனம். எங்கட பக்கம் அது மே கடைசி, ஜூன். அது புது இலையைக் காக்கும், நோய் வந்த இலையை மாத்தாது. ஆனா ஒன்ராறியோவில 2009 ஏப்ரல் 22ல இருந்து அழகுக்காக அடிக்கிற பூச்சிமருந்துகளுக்குத் தடை இருக்கு, அமெரிக்காக் கடையில விக்கிற எல்லாத்தையும் இஞ்ச வீட்டுக்காரர் அடிக்க ஏலாது. மரத்தின்ர ஆரோக்கியத்துக்கு எண்டு விதிவிலக்கு இருக்கு, அதுக்குத் தகுதியான ஆர்பரிஸ்ற் (மர நிபுணர்) எழுத்தில தரவேணும், அடிக்கிறதும் லைசன்ஸ் உள்ள ஆள் தான். எல்லைக்கு அங்கால போய் போத்தல் வாங்கி வராதேங்கோ.

வெட்டச் சொன்ன ஆளைப் பற்றியும் ஒண்டு. ரொறன்ரோ நகரசபைக்குள்ள, நிலத்தில இருந்து 1.4 மீட்டர் உயரத்தில அளந்தா 30 செ.மீ அல்லது அதுக்கு மேல விட்டம் உள்ள மரத்தை உங்கட சொந்த வளவில கூட பேர்மிட் இல்லாம வெட்ட ஏலாது. துணி அளக்கிற நாடாவைத் தண்டைச் சுத்திப் பிடியுங்கோ, 94 செ.மீக்கு மேல வந்தா அந்தச் சட்டத்துக்குள்ள வரும். விலை சொன்ன ஆள் பேர்மிட்டைப் பற்றிப் பேசாமப் போயிருந்தா அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டாம்.

ஸ்காபரோ_வளவு · மே 4

102 செ.மீ வருகுது அண்ணை. பேர்மிட் எண்ட சொல்லே அவர் சொல்லயில்லை. ஸ்ப்ரிங்க்ளர் தலையை இவர் நேற்றே கழட்டிப் போட்டார்.

ஒஷவா_புதுவீடு · மே 6

இடையில கேக்கிறதுக்கு மன்னிக்கோணும். நாங்கள் புது வீடு, வளவில புல்லைத் தவிர ஒண்டுமில்லை. இதெல்லாம் வாசிச்ச பிறகும் எனக்கு ஒரு நீல மரம் ஆசை தான். முன்வளவு சின்னன், ட்றைவ்வேக்கும் நடைபாதைக்கும் நடுவில. மனுசி நிறம் கூடிய சாதி வேணும் எண்டுறா. அதோட அலுமினியம் சல்பேற் போட்டா நீலம் கூடும் எண்டு வீடியோ ஒண்டில பாத்தன், உண்மையோ?

கொப்பும்_குருத்தும் · மே 6

தம்பி, அலுமினியம் சல்பேற் ஹைட்றேன்ஜியாப் பூவுக்கு. அதின்ர நீலம் பூவுக்குள்ள இருக்கிற நிறம், மண்ணின்ர புளிப்போட மாறும். ஸ்ப்ரூஸின்ர நீலம் மெழுகு, மண்ணில எதைக் கொட்டியும் அதை மாத்த ஏலாது. நீலம் வேணுமெண்டா ரெண்டே வழி: நல்ல சாதி, முழு வெயில். நிழலில நட்டா எந்தச் சாதியும் மங்கும்.

நிறம் கூடினது ஹூப்ஸி எண்டு சொல்லுவினம், நானும் அதைத்தான் சொல்லுவன், ஆனா அது பெரிய மரம், உங்கட இடத்துக்கு வேண்டாம். ஃபற் அல்பேர்ட் கூம்பு வடிவா தானா வளரும், நேர்சரியில கனக்க விக்கிறது அது, ஆனா "குள்ளம்" எண்டு சொல்லி விக்கினம், அது குள்ளமில்லை, பத்து வருசத்தில பத்து அடிக்கு மேல போம், அகலமும் ஏழெட்டு அடி. ட்றைவ்வே ஓரத்தில அதை வச்சா, வளர வளர ஒரு பக்கத்தைச் செதுக்கிக் கொண்டே இருக்க வேணும், செதுக்கின பக்கம் திரும்ப நிறையாது. உங்களுக்கு குளோபோசா தான் சரி. உருண்டையா, இடுப்பு நெஞ்சு உயரத்தோட நிக்கும், அகலம் ஆறு அடி மட்டுக்கும் போகும். இருந்திட்டு நேர மேல ஒரு குருத்து எழும்பினா உடன வெட்டி விடுங்கோ, இல்லாட்டி அது பெரிய மரமாகப் பாக்கும்.

வாங்கேக்க பாக்க வேண்டியது: இதெல்லாம் ஒட்டு மரம், அடிமரம் அனேகமா நோர்வே ஸ்ப்ரூஸ். ஒட்டுக்குக் கீழ பச்சையாக் குருத்து வந்தா அது அடிமரத்தின்ரது, விட்டா நீலத்தை அமத்திப்போடும், எடுத்து விடுங்கோ.

நடுறதில தான் அரைவாசி மரம் சாகுது. கிடங்கு தோண்ட முதல் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவியுங்கோ, காசில்லை, கேஸ் லைன் கரண்ட் லைன் எல்லாம் வந்து அடையாளம் போட்டுத் தருவினம். வேர் உருண்டையில சாக்கு, கயிறு, கம்பிக் கூடை இருந்தா கிடங்குக்குள்ள இறக்கி நிமித்தின பிறகு மேல்பக்கம் முழுக்க வெட்டி வெளியில எடுங்கோ. இஞ்ச ஒரு வளவில காய்ஞ்ச மரம் ஒண்டைக் கிளப்பேக்க பாத்தன், நைலோன் கயிறு தண்டுக்குள்ள புதைஞ்சு அப்பிடியே கிடந்தது, நட்டது லாண்ட்ஸ்கேப் கொம்பனி ஒண்டு. பிறகு, தண்டு அகண்டு வேராகிற இடம் மண்ணுக்கு மேல தெரிய வேணும். ஒஷவாப் பக்கம் களிமண், அதால ரெண்டு அங்குலம் உயத்தியே நடுங்கோ. மல்ச் (மண்ணை மூடுற மரப்பட்டைத் துண்டு) மூண்டு அங்குலம், ஆனா தண்டில முட்டப்படாது. பசளை முதல் வருசம் ஒண்டும் வேண்டாம்.

மிச்சிகன்_மண் · மே 6

குளோபோசாவும் அதே ஸ்ப்ரூஸ் தான், அதே பங்கஸ் வரும்னு சொல்லிடுங்க அண்ணா.

கொப்பும்_குருத்தும் · மே 6

வரும், மறுக்கயில்லை. ஆனா நெஞ்சுயரச் செடியைக் கையால முழுசாப் பாக்கலாம், உள்ளுக்க கிடக்கிற காஞ்ச இலையை வருசத்துக்கு ஒருக்கா உதறி எடுக்கலாம், ரெண்டு கொப்பில துவங்கேக்கயே தெரியும். நாப்பது அடி மரத்தில அது ஏலாது. கன்கலர் ஃபர் நல்ல மரம், நானும் விக்கிறனான். ஆனா அதுக்குத் தண்ணி தங்கிற களிமண் அறவே பிடிக்காது. உங்கட மிச்சிகன் மணல் மண்ணில நிக்கிறது ஒஷவாக் களிமண்ணில வேர் அழுகிப்போம். மண்ணைப் பாத்துத்தான் மரம். களிமண்காரர் நீலத்தைக் கொஞ்சம் விட்டுக்குடுக்கலாம் எண்டா சேர்பியன் ஸ்ப்ரூஸைப் பாருங்கோ, ஒடுக்கமா உயரும், மேல கரும்பச்சை, இலையின்ர கீழ்ப்பக்கம் வெள்ளிக் கோடு, காத்தடிக்கேக்க அது மினுங்கும்.

டென்வர்_ஓடையோரம் · மே 7

ஒஷவா தம்பிக்கு ஒண்ணு. முதல் ரெண்டு வருஷம் தண்ணி விடாதீங்கன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. ஹோஸை மெல்லிசா திறந்து வேர்ப் பக்கம் வச்சுட்டு விட்டுடுங்க, மண்ணுக்குள்ள ஊறி இறங்கணும். விரலை மண்ணுல ரெண்டு அங்குலம் விட்டுப் பாத்து காஞ்சிருந்தா மட்டும் அடுத்தது. தினம் கொஞ்சம் கொஞ்சமா தெளிக்கிறது வேரை மேலயே வச்சிடும், ஏற்கனவே ஸ்ப்ரூஸ் வேர் மேலாப்ல தான் ஓடும்.

லண்டன்_தொட்டி · மே 9

நான் லண்டன் ஹரோவில. எனக்கு வளவே இல்லை, பின்னால சிமெந்துத் தரை மட்டும். நீல ஆசைக்கு புளூ ஸ்டார் ஜூனிப்பர் ஒண்டைத் தொட்டியில வச்சிருக்கிறன், முழங்கால் உயரத்துக்கு மேல போறதில்லை, குளிர் நேரத்தில சாம்பல் நீலம், புதுக்குருத்து வரேக்க எஃகு நீலம். மண்ணோட சின்னக் கல்லுக் கலந்தது, தொட்டியில தண்ணி நிண்டா மட்டும் தான் அதுக்குக் கோவம். இஞ்ச கனபேர் புளூ அட்லஸ் சீடரைச் சின்ன வீட்டு முன்னால நட்டுவிடுகினம், மொறோக்கோ அல்ஜீரியா மலையில இருந்து வந்த மரம், வடிவுக்குக் குறைவில்லை, ஆனா பூங்காவில நிக்க வேண்டிய மரம் அது. வாங்கிறதுக்கு முதல் கியூ கார்டினில போய்ப் பெரிய சீடர் ஒண்டின்ர கீழ நிண்டு அண்ணாந்து பாருங்கோ.

எடிசன்_வந்த_கோவை · மே 12

நியூ ஜெர்சில பையன் வீட்டுக்கு வந்திருக்கேனுங்க. வாசல்லயே இந்த மரம் நிக்குது, நீலமா ஒரு மரத்தை இந்த வயசுல தான் முதல்ல பாக்கறேன். விதை கொண்டு போய் கோயம்புத்தூர்ல போட்டா வருங்களா? ஊட்டில தங்கச்சி வீடு இருக்குது, அங்கயாவது?

டென்வர்_ஓடையோரம் · மே 12

வராதுங்கம்மா. இதுக்கு வருஷா வருஷம் நீண்ட குளிர் வேணும், மாசக்கணக்கா தூங்கி எந்திரிச்சா தான் அடுத்த குருத்து விடும். கோவைல அந்தத் தூக்கமே கிடைக்காது. ஊட்டில உறைபனி விழுந்தாலும் பகல்ல வெயில் அடிச்சு கரைஞ்சிடும், அது பத்தாது. அதோட விதை செடி எதுவா இருந்தாலும் இந்தியாவுக்குள்ள கொண்டு போக இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேணும், பையில போட்டுட்டு போயிடாதீங்க. பையன் வீட்டு மரத்துல இந்த மாசமே புதுக்குருத்து விரியும், அது வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போங்க.

ஏஜக்ஸ்_மூலைவீடு · ஜூன் 21

இஞ்சயே கேக்கிறன். எங்கட மரத்தின்ர உச்சிக் குருத்து தலை கவிழ்ந்து, கைத்தடி வளைவு மாதிரி வளைஞ்சு காயுது. மற்றதெல்லாம் நல்ல நீலம். தண்ணி காணாதோ? ரோட்டுப் பக்கம் இலையும் மண்ணிறம்.

கொப்பும்_குருத்தும் · ஜூன் 21

தண்ணி இல்லை, வைற் பைன் வீவில் எண்ட வண்டு. வசந்தத்தில உச்சித் தண்டில முட்டை போடும், புழு பட்டைக்குக் கீழ மேலயிருந்து கீழ தின்னுகொண்டு வரும். இப்பவே ஏணி வச்சு ஏறி, காஞ்ச பகுதிக்குக் கீழ, உள்ளுக்க வெள்ளையா நல்ல தடி தெரியிற இடத்தில வெட்டுங்கோ. ஜூலை நடுவுக்குப் பிந்தினா வண்டு வெளியேறி அடுத்த வருசத்துக்கு ஆயத்தமாகிடும். வெட்டினதை வளவில போடாம பையில கட்டிக் குப்பையில போடுங்கோ. பிறகு அதுக்கு அடுத்த வளையத்தில நிக்கிற கொப்பில பலமானது ஒண்டைத் தெரிஞ்சு, ஒரு மூங்கில் தடியைத் தண்டோட கட்டி, அந்தக் கொப்பை நிமித்தி மெதுவான துணியால கட்டி விடுங்கோ. மற்றக் கொப்புகளின்ர நுனியைக் கொஞ்சம் குறைச்சு விட்டா அதுதான் தலைவன் எண்டு மரம் ஏற்றுக்கொள்ளும். ரெண்டு வருசத்தில வெட்டின இடமே தெரியாது.

ரோட்டுப் பக்கம் மட்டும் காயுறது உப்பு. வாற நவம்பரில ரோட்டுக்கும் மரத்துக்கும் நடுவில தடி நட்டுச் சாக்குத் தட்டி கட்டுங்கோ, மரத்தைச் சுத்திப் போர்த்த வேண்டாம், காத்து ஓட வேணும். சினோ கரைஞ்ச உடன அந்தப் பக்கத்தையும் மண்ணையும் நல்ல தண்ணியால கழுவி விடுங்கோ.

ஸ்காபரோ_வளவு · ஜூன் 27

எல்லாருக்கும் நன்றியோட ஒரு செய்தி. ஆர்பரிஸ்ற் ஒராள் வந்து பாத்தவர், அவரும் ரைசோஸ்பீரா எண்டு தான் எழுதித் தந்தவர், வெட்டத் தேவையில்லை எண்டார். மே கடைசியில ஒரு முறை அடிச்சு, ரெண்டாவதும் இந்தக் கிழமை முடிஞ்சுது. செத்த கொப்புகளை எடுத்தாச்சு, கீழ என்ர தோள் உயரத்துக்கு வெறுமை, ஆனா இப்ப அந்த இடத்தால காத்து போகுது. மேல குருத்தெல்லாம் விரிஞ்சிட்டுது அண்ணை, வெள்ளி நீலம், நீங்கள் சொன்ன மாதிரி விரலால உரசிப் பாத்தன், பச்சை வந்தது, ஒரு ஊசியோட நிப்பாட்டிப் போட்டன்.

கேள்வி ஒண்டு. அந்த வெறுமையான அடியில பூக்கண்டு ஏதும் வைக்கலாமோ? அம்மா கத்தரி மிளகாய் வைப்பம் எண்டுறா.

மிச்சிகன்_மண் · ஜூன் 27

ரொம்ப சந்தோஷம் அக்கா. அடுத்த ஏப்ரல்ல அதே லென்ஸை எடுத்து இந்த வருஷத்து இலையைப் பாருங்க, அப்பதான் மருந்து வேலை செஞ்சுதான்னு தெரியும். இப்ப நீலமா இருக்கிறதை வச்சு ரெண்டாவது வருஷத்தை விட்டுடாதீங்க.

கொப்பும்_குருத்தும் · ஜூன் 28

அம்மாட்டைச் சொல்லுங்கோ, கத்தரிக்கும் மிளகாய்க்கும் வெயில் வேணும், ஒவ்வொரு நாளும் தண்ணி வேணும். ரெண்டும் அந்த அடிக்கு ஒத்துவராது, வேரைக் கொத்தினா மரத்துக்கும் கூடாது. பின்வளவில வெயில் படுற பக்கம் அவவுக்கு ஒரு பாத்தி போட்டுக் குடுங்கோ. மரத்தடியில மல்ச் மட்டும், கொப்பு நுனி விழுற வட்டம் வரைக்கும். புல்லை அந்த வட்டத்துக்குள்ள வர விடாதேங்கோ, புல்லு வெட்டுற மெசினும் தண்டில முட்டாது. ஆகஸ்டில மழை இல்லாட்டி ஹோஸை வட்டத்தின்ர ஓரத்தில வச்சு மெல்ல விடுங்கோ, இலை நனையாம. நவம்பரில நிலம் உறைய முதல் கடைசியா ஒருக்கா நல்லா ஊற விடுங்கோ, ஸ்ப்ரூஸ் குளிர் முழுக்க இலையால தண்ணி விட்டுக்கொண்டு தான் நிக்கும், உறைஞ்ச மண்ணில இருந்து அதால எடுக்க ஏலாது.